பிராங்கிய மன்னர் குளோவிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாறு படிப்பவர்களும் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் குளோவிஸைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறோம். அடிப்படைக் கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

குளோவிஸ் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

சுமார் 466இல் பிறந்தவர். தந்தை சில்டெரிக், தாய் பாசினா. 481 வாக்கில் தந்தை இறந்ததும் பதினைந்து வயதில் அரசரானார். அப்போது அவர் கையில் இருந்தது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே ஊரும் அதைச் சுற்றிய சிறு பகுதியும்தான். பிராங்குகள் ஒரு ஜெர்மானிய மக்கள் கூட்டம், அவர்களுக்கு அன்று ஒரே அரசர் கிடையாது. காம்ப்ரேயில் ஒருவர், கொலோனில் ஒருவர் என்று பலர் ஆண்டார்கள். அவர்களில் சிலர் இவருக்குச் சொந்தக்காரர்கள்.

511இல் பாரிஸில் அவர் இறந்தபோது ரைன் ஆற்றிலிருந்து பிரனீஸ் மலைப் பக்கம் வரை அவர் ஆட்சி பரவியிருந்தது. தென்கிழக்கில் பர்கண்டி அரசும், மத்தியதரைக் கடற்கரையும், மேற்கு மூலையில் பிரிட்டானியும் மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் காலத்துலயே யாராவது எழுதி வச்சாங்களா?

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இந்தக் கேள்விதான். சான்றுகளை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு, அவர் உயிரோடிருந்த காலத்துச் சான்றுகள்: ரெய்ம்ஸ் நகர ஆயர் (பிஷப்) ரெமிஜியுஸ் அவருக்கு எழுதிய கடிதங்கள், வியன் நகர ஆயர் அவிதுஸ் எழுதிய கடிதம், இத்தாலியை ஆண்ட தியோடோரிக்கின் கடிதங்கள், குளோவிஸே ஆயர்களுக்கு எழுதிய ஒரு கடிதம், 511இல் ஓர்லேயான் நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்தின் தீர்மானங்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் விலை மதிப்பற்றவை.

இரண்டாம் அடுக்கு, தூர் நகர ஆயர் கிரெகோரி. 573 முதல் 594 வரை ஆயராக இருந்தவர். அவர் எழுதிய பத்துப் புத்தக வரலாற்றில் இரண்டாம் புத்தகத்தின் பின்பாதி குளோவிஸைப் பற்றியது. நமக்குத் தெரிந்த கதைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வந்தவைதான். மன்னர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியது என்பதை மறக்கக் கூடாது. விதவையான அரசி குளோட்டில்டா 544 வரை தூர் நகரில்தான் வாழ்ந்தார். அவரைச் சுற்றி வழங்கிய நினைவுகள் கிரெகோரி காதுக்கு எட்டியிருக்கும். மூன்றாம் அடுக்கு, ஏழாம் நூற்றாண்டு முதல் சேர்ந்த கதைகள். ஒரு தகவலைக் கேட்டவுடன் இது எந்த அடுக்கு என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவர்தான் பிரான்ஸோட முதல் மன்னரா?

தன்னை அவர் அப்படி நினைத்திருக்க வழியில்லை. அவர் பிராங்குகளின் அரசர். பிரான்ஸ் என்ற நாடு அன்று இல்லை. கோல் என்ற பழைய ரோம நிலப்பரப்புதான் இருந்தது. அவருடைய பிராங்கிய அரசிலிருந்து பின்னாளில் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நிலங்கள் பிரிந்தன. ஆகவே அந்த நாடுகளுக்கும் அவரில் பங்கு உண்டு.

பிரெஞ்சு அரச மரபு தன் தொடக்கத்தை அவரிடம் வைத்தது பிற்காலத்தில். தேர்வுத் தாளில் "பிராங்குகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த முதல் அரசர்" என்று எழுதினால் தவறில்லை.

மெரோவிஞ்சியன் வம்சம் கடல் பூதத்துக்குப் பிறந்ததுன்னு சொல்றாங்களே?

குளோவிஸின் பாட்டனார் பெயர் மெரோவெக். வம்சப் பெயர் அங்கிருந்து வந்தது. கடலில் குளித்த அரசியைக் கடல் விலங்கு ஒன்று அணுகியது, அதன் பின் மெரோவெக் பிறந்தார் என்ற கதை ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பிரெடெகார் வரலாற்றில்தான் முதலில் வருகிறது. கிரெகோரிக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் எழுதவில்லை. மூன்றாம் அடுக்கு.

அப்பா சில்டெரிக் கல்லறையில தங்கத் தேனீக்கள் கிடைச்சது நிஜமா?

நிஜம். 1653 மே 27 அன்று தூர்னேயில் புனித பிரைஸ் கோயில் அருகே அஸ்திவாரம் தோண்டும்போது கல்லறை அகப்பட்டது. வாள்கள், தங்கக் காப்பு, தங்கக் காசுகள், இருநூறுக்கு மேல் வெள்ளிக் காசுகள், சிவப்புக் கல் பதித்த ஏறக்குறைய முந்நூறு தங்கப் பூச்சிகள் எல்லாம் வெளிவந்தன. யார் கல்லறை என்று சொன்னது ஒரு முத்திரை மோதிரம். நீண்ட கூந்தல் தோள்மேல் விழ, கையில் ஈட்டியோடு ஓர் ஆணின் உருவம். சுற்றிலும் "அரசன் சில்டெரிக்குடையது" என்று லத்தீன் எழுத்து. ரோம அதிகாரி போல முத்திரை மோதிரம், பிராங்கிய அரசர் போல கூந்தல். மகன் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தார் என்பதை இந்த ஒரு பொருள் காட்டிவிடும். 1980களில் அதே இடத்தைச் சுற்றி அகழ்ந்தபோது 21 குதிரைகள் புதைக்கப்பட்ட குழிகளும் கிடைத்தன. அதாவது தந்தை கிறிஸ்தவராக அடக்கம் செய்யப்படவில்லை.

புதையல் 1665இல் பதினான்காம் லூயியிடம் வந்தது. 1831 நவம்பரில் பாரிஸ் அரச நூலகத்தில் புகுந்த திருடர்கள் பெரும்பகுதியைக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். முந்நூறில் இன்று மிஞ்சியவை இரண்டு பூச்சிகள். அவை தேனீயா சிள்வண்டா என்பதில் இன்னும் வாதம் உண்டு. நெப்போலியன் தேனீ என்று எடுத்துக்கொண்டு தன் சின்னமாக்கினார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று: அக்காலப் பிராங்கிய நகைகளில் பதித்த கார்னெட் கற்களைச் சோதித்ததில், பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்திருக்கிறது.

ரோமப் பேரரசு 476லயே விழுந்துடுச்சே. 486ல அவர் எந்த ரோமானியரோட சண்டை போட்டார்?

476இல் பதவி போனது இத்தாலியில் இருந்த பேரரசருக்கு. வடக்குக் கோலில் சுவாசோன் நகரை மையமாக வைத்து சியாக்ரியஸ் என்ற ரோமானியர் தனியாக ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய தந்தை ஏகிடியஸ் ரோமப் படைத்தலைவர். கிரெகோரி சியாக்ரியஸை "ரோமானியர்களின் அரசன்" என்றே அழைக்கிறார்.

குளோவிஸ் தனியாகப் போகவில்லை. காம்ப்ரேயில் ஆண்ட உறவினர் ரக்னகாரைக் கூட்டிக்கொண்டு போனார். சாராரிக் என்ற இன்னொரு பிராங்கிய அரசரையும் அழைத்தார். அவர் வந்தும் சேராமல் தள்ளி நின்று, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்தார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள். தோற்ற சியாக்ரியஸ் துலூஸுக்கு, தென்மேற்குக் கோலை ஆண்ட விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய மக்களின் அரசர் இரண்டாம் அலாரிக்கிடம் ஓடினார். குளோவிஸ் மிரட்டியதும் அலாரிக் அவரைக் கட்டி ஒப்படைத்துவிட்டார். குளோவிஸ் அவரைச் சிறைவைத்து, பிறகு யாருக்கும் தெரியாமல் கொல்லச் செய்தார்.

சுவாசோன் ஜாடிக் கதை உண்மையா?

கதை இது. பிராங்குகள் கோயில்களைக் கொள்ளையடித்த காலம். ஒரு கோயிலிலிருந்து எடுத்த பெரிய அழகான ஜாடியைத் திருப்பித் தரும்படி ஆயர் கேட்கிறார். சுவாசோனில் கொள்ளைப் பொருளைப் பங்கு போடும்போது, "என் பங்குக்கு மேலாக இந்த ஜாடியையும் கொடுங்கள்" என்று மன்னர் கேட்கிறார். எல்லோரும் சரி என்க, ஒரு வீரன் மட்டும் கோடரியால் ஜாடியை அடித்து, "சீட்டில் விழுவதைத் தவிர உனக்கு வேறெதுவும் கிடையாது" என்கிறான். மன்னர் பொறுத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு படைக்கலப் பார்வையிடலில் அதே வீரனின் ஆயுதங்கள் சரியில்லை என்று சொல்லி அவன் கோடரியைத் தரையில் எறிகிறார். அவன் குனிந்து எடுக்கும்போது தன் கோடரியால் மண்டையைப் பிளந்து, "சுவாசோனில் ஜாடிக்கு நீ செய்தது இதுதான்" என்கிறார்.

இது இரண்டாம் அடுக்கு, கிரெகோரி மட்டுமே சொல்வது. ஒவ்வொரு சொல்லும் நடந்தது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கதையின் அடியில் கிடக்கும் நடைமுறை நம்பத்தக்கது: கொள்ளைப் பொருள் சீட்டுப்போட்டுப் பிரிக்கப்பட்டது, அரசருக்கும் ஒரு பங்குதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண்டு ஒன்று போனதும் அதே அரசர் யாரையும் கேட்காமல் தண்டிக்கிறார். போர்த்தலைவர் மன்னராக மாறியதைக் கிரெகோரி இந்தக் கதையில் வைத்துக் காட்டுகிறார். ஆயர் பெயரை அவர் சொல்லவில்லை. ரெமிஜியுஸ் என்று சேர்த்தது பின்னால் வந்தவர்கள்.

விசிகோத்துகள் "ஆரியர்கள்"னு ஒரு புத்தகத்துல படிச்சேன். ஆரிய இனமா?

இல்லை. ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியா குருவின் கொள்கையைப் பின்பற்றியவர்கள் என்று பொருள். "ஆரியுஸ் கொள்கையினர்" என்று எழுதினால் குழப்பம் வராது. மகன் தந்தைக்குச் சமமானவர் அல்ல, படைக்கப்பட்டவர் என்பது அந்தக் கொள்கை. 325 நிசேயா சங்கம் அதைத் தள்ளியது. ஆனாலும் கோத்துகள் கிறிஸ்தவரானது அந்த வழியில்தான். பர்கண்டி அரசர் குண்டொபாதும் அதே கொள்கையினர்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கோலில் வாழ்ந்த ரோமானிய மக்களும் அவர்களுடைய ஆயர்களும் நிசேயா வழியினர், அதாவது கத்தோலிக்கர். அவர்களை ஆண்ட ஜெர்மானிய அரசர்கள் வேறு சபையினர். குளோவிஸ் எந்தப் பக்கம் போகிறார் என்பது அன்று எல்லோரும் உற்றுப் பார்த்த விஷயமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

மனைவி சொல்லித்தான் மதம் மாறினாரா?

குளோட்டில்டா பர்கண்டி அரச குடும்பத்துப் பெண், குண்டொபாதின் அண்ணன் தம்பி மகள், ஆனால் கத்தோலிக்கர். திருமணம் 490களின் தொடக்கத்தில் நடந்தது. முதல் பிள்ளை இங்கோமருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், குழந்தை அந்த வெள்ளை உடையிலேயே இறந்துவிட்டது. "என் தெய்வங்கள் பெயரில் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான்" என்று குளோவிஸ் கோபப்பட்டதாகக் கிரெகோரி எழுதுகிறார். இரண்டாம் பிள்ளை குளோதோமருக்கும் ஞானஸ்நானம் ஆகி நோய் கண்டது, ஆனால் தேறிவிட்டான். பிறகு அலமன்னிகள் என்ற இன்னொரு ஜெர்மானிய மக்களோடு நடந்த போரில் படை சாயும் நேரத்தில் குளோவிஸ் கிறிஸ்துவை வேண்டிக்கொண்டு ஜெயித்தார். கதை இப்படிப் போகிறது.

மனைவியின் பங்கு உண்மைதான், கிரெகோரியின் கதைக்கு வெளியிலும் சான்று உண்டு. திரியர் ஆயர் நிசேதியுஸ், குளோவிஸின் பேத்திக்கு எழுதிய கடிதத்தில் பாட்டி தாத்தாவை மாற்றியதை நினைவூட்டுகிறார். ஆனால் அது மட்டும் காரணம் என்று எழுதினால் குறைவு. ஆட்சிக்கு வந்த புதிதிலேயே ரெமிஜியுஸ் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: உங்கள் ஆயர்களிடம் ஆலோசனை கேளுங்கள், அவர்களோடு ஒத்துப்போனால் உங்கள் மாகாணம் நன்றாக நிற்கும், விதவைகளையும் அனாதைகளையும் காப்பாற்றுங்கள், நீதிக்குப் பணம் வாங்காதீர்கள் என்று. எழுதியவர் கிறிஸ்தவ ஆயர், பெற்றவர் அன்று கிறிஸ்தவர் அல்ல. நகரங்களின் நிர்வாகம், தானம், கைதி மீட்பு எல்லாம் ஆயர்கள் கையில் இருந்த காலம் அது. ஒரு ஆளும் அரசருக்கு இது எத்தனை பெரிய கணக்கு என்பது தெரியாமலா இருக்கும்?

ஞானஸ்நானம் 496ஆ, 498ஆ, 508ஆ? தேர்வுல எதை எழுதறது?

இடம், ஆள், நாள் மூன்றிலும் பெரிய சண்டை இல்லை: ரெய்ம்ஸ், ரெமிஜியுஸ், கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் என்பது முதல் அடுக்குச் சான்று, அவிதுஸ் கடிதத்தில் இருக்கிறது. ஆண்டுதான் தகராறு. அலமன்னிப் போர் ஆட்சியின் 15ஆம் ஆண்டில் நடந்தது என்று கிரெகோரி சொல்வதை 481உடன் கூட்டினால் 496 வரும். பாடநூல்கள் அதைத்தான் போடுகின்றன. பிரான்ஸில் 1996இல் 1500ஆம் ஆண்டு கொண்டாடி, இரண்டாம் யோவான் பவுல் ரெய்ம்ஸுக்கே வந்தார். போருக்கும் முழுக்குக்கும் நடுவே தயாரிப்புக் காலம் வேண்டும் என்று பார்ப்பவர்கள் 498 அல்லது 499 என்கிறார்கள்.

508 என்பவர்களின் வாதமும் லேசானதல்ல. அலமன்னிகளை வென்றதற்கு தியோடோரிக் அனுப்பிய வாழ்த்துக் கடிதம் 506 வாக்கில் எழுதியது. தோற்று ஓடிவந்தவர்கள் என் எல்லையில் இருக்கிறார்கள், அவர்களைத் துரத்தாதீர்கள் என்று அதில் கேட்கிறார். குளோவிஸ் விரும்பிக் கேட்ட யாழ் கலைஞர் ஒருவரையும் கூடவே அனுப்பினார். அவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை தத்துவ அறிஞர் போயெதியுஸுக்குப் போனது. அலமன்னிகளோடு ஒன்றுக்கு மேற்பட்ட போர்கள் நடந்திருந்தால் இரண்டு தேதிகளும் ஒத்துப்போகும். கொள்குறி வினாவில் 496 என்று குறியுங்கள். கட்டுரை விடையில் "496 என்பது மரபு, 508 வரை கருத்துகள் உண்டு" என்று ஒரு வரி சேருங்கள். இன்னொரு பொறி: போர் நடந்த இடம் தோல்பியாக் (இன்றைய ஜெர்மனியின் சூல்பிச்) என்று கிரெகோரி சொல்லவில்லை. அந்த ஊரில் அலமன்னிகளோடு மோதி முழங்காலில் காயம்பட்டவர் கொலோன் அரசர் சிகிபெர்ட் என்று வேறொரு இடத்தில் எழுதுகிறார். இரண்டையும் ஒட்டவைத்தது பின்னால் வந்தவர்கள்.

புறா எண்ணெய் கொண்டு வந்தது, லில்லிப் பூச் சின்னம் வானத்திலிருந்து வந்ததுங்கறதெல்லாம்?

மூன்றாம் அடுக்கு. புறா அலகில் தைலக்குப்பி கொண்டுவந்த கதையை எழுதியவர் ஒன்பதாம் நூற்றாண்டு ரெய்ம்ஸ் பேராயர் ஹிங்க்மார். அரசர்களுக்கு அபிஷேகம் செய்யும் உரிமை தன் நகரத்துக்கே என்று காட்ட அது உதவியது. லில்லிக் கதை அதற்கும் பிந்தியது. "தலை குனி, சிகாம்பரே, எரித்ததை வணங்கு, வணங்கியதை எரி" என்ற ரெமிஜியுஸின் வாக்கியம் (சிகாம்பர் என்பது பிராங்குகளைக் குறிக்கும் பழைய இனப்பெயர்) கிரெகோரியிடம் இருப்பதால் இரண்டாம் அடுக்கு. படையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடவே முழுக்குப் பெற்றார்கள் என்ற எண்ணும் அவர் தந்ததே.

அவர் தோத்ததே கிடையாதா?

முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது, ஆனால் கை நழுவியவை உண்டு. 500இல் பர்கண்டி சகோதரர்கள் குண்டொபாது, கோதெகிசெல் இருவருக்கும் சண்டை. கோதெகிசெல் ரகசியமாகக் கப்பம் பேசி குளோவிஸை அழைத்தார். திஜோன் அருகே குண்டொபாது தோற்று அவிஞோன் கோட்டைக்குள் புகுந்தார். முற்றுகை நீண்டது, ஆண்டுதோறும் கப்பம் தருகிறேன் என்றதும் குளோவிஸ் திரும்பிப் போனார். அவர் போனதும் குண்டொபாது கப்பத்தை நிறுத்திவிட்டு, வியன் நகரில் தம்பியை வளைத்தார். உணவு தட்டுப்பட்டதால் கோதெகிசெல் ஏழை மக்களை நகரிலிருந்து வெளியேற்றினார். அவர்களோடு நீர்க்கால்வாயைப் பராமரித்த தொழிலாளியையும் துரத்தியதுதான் பிழை. கோபத்தில் அவன் எதிரியிடம் போய், கால்வாய் வழியாகவே படையை நகருக்குள் கூட்டிப்போனான். கோதெகிசெல் கொல்லப்பட்டார். பர்கண்டி குளோவிஸ் காலத்தில் விழவில்லை, 534இல் அவர் மகன்கள் காலத்தில்தான் விழுந்தது.

இன்னொன்று ஆர்ல் நகரம். அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

507 வூயே போர் ஏன் அவ்வளவு முக்கியம்?

அந்த ஒரு நாளில் கோலின் தென்மேற்குப் பாதி கைமாறியது. இடம் புவாதியே நகரிலிருந்து ஏறத்தாழ பத்தாவது மைல்கல். வூயேயா அதற்குத் தெற்கே உள்ள வூலோனா என்று ஊரைக் குறித்து இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டாம் அலாரிக் களத்திலேயே இறந்தார், குளோவிஸ் கையாலேயே என்கிறார் கிரெகோரி. அப்போது இரண்டு கோத்துகள் இரு பக்கமும் ஈட்டியால் குத்த, மார்புக் கவசமும் வேகமான குதிரையும் குளோவிஸைக் காப்பாற்றின. பிறகு துலூஸ் கருவூலம் அவருக்கு வந்தது. ஆரியுஸ் கொள்கையை ஒழிக்கும் புனிதப் போர் என்று கிரெகோரி எழுதுகிறார். ஆனால் ஓவேர்ஞ் பகுதிக் கத்தோலிக்க ரோமானியர்கள், சிதோனியுஸ் ஆயரின் மகன் அப்போலினாரிஸ் தலைமையில், கோத்துகள் பக்கம் நின்று போரிட்டு மடிந்ததையும் அவரே பதிவு செய்கிறார். ஆரியுஸ் கொள்கையினரான பர்கண்டிகள் குளோவிஸ் பக்கம். ஆகவே மதப் பிரிவு களத்தில் அப்படியே கோடு கிழிக்கவில்லை.

வழியில் நடந்த ஒன்று அவர் நிர்வாகத்தைக் காட்டும். தூர் நகரப் பகுதியில், அந்நகரின் பழைய ஆயரான புனித மார்ட்டினுக்கு மரியாதையாக, புல்லும் தண்ணீரும் தவிர எதையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு வீரன் ஏழை ஒருவரின் வைக்கோலைப் பார்த்து, "இதுவும் புல்தானே" என்று பிடுங்கினான். மன்னர் அவனை அங்கேயே வெட்டினார். இது கிரெகோரி சொல்வது. ஆனால் அதே போரைப் பற்றி குளோவிஸ் ஆயர்களுக்கு எழுதிய கடிதம் கையில் இருக்கிறது. கோயிலைச் சேர்ந்தவர்களைச் சிறைபிடித்திருந்தால் விடச் சொல்கிறார். மற்றவர்களையும் அநியாயமாகப் பிடித்திருந்தால், ஆயர் தன் மோதிர முத்திரையிட்ட கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார். பொய்க் கடிதங்கள் வராமலிருக்க ஆயர்கள் சத்தியம் செய்து உறுதி சொல்ல வேண்டும் என்றும் சேர்க்கிறார். இரண்டாம் அடுக்குக் கதையும் முதல் அடுக்குச் சான்றும் இப்படி ஒரே திசையில் நிற்கும்போது நம்பிக்கை கூடுகிறது.

மத்தியதரைக் கடற்கரை ஏன் கிடைக்கவில்லை? தியோடோரிக் போரைத் தடுக்க எல்லா அரசர்களுக்கும் முன்பே எழுதிப் பார்த்தார். குளோவிஸின் தங்கையை மணந்தவர் அவர், அலாரிக் அவருடைய மருமகன். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளிலிருந்து 200 கப்பல்களில் 8,000 வீரர்கள் வந்து 508இல் இத்தாலியக் கரையைச் சூறையாடியதும் அவருக்குத் தலைவலி. ஆனாலும் அதே ஆண்டு அவர் படை ஆல்ப்ஸ் தாண்டி வந்து, பிராங்குகளும் பர்கண்டிகளும் முற்றுகையிட்டிருந்த ஆர்லை விடுவித்தது. புரோவான்ஸ் இத்தாலிக்கும், நர்போன் பகுதி கோத்துகளுக்கும் நின்றுவிட்டன.

பேரரசர் அவருக்கு கான்சல் பதவி கொடுத்தாரா? "அகஸ்டஸ்"னு கூப்பிட்டாங்களாமே?

508இல் கிழக்கு ரோமப் பேரரசர் அனஸ்தாசியுஸிடமிருந்து கான்சல் என்ற ரோம உயர்பதவிக்கான கடிதம் வந்தது. தூர் நகரில் மார்ட்டின் கோயிலில் ஊதா அங்கியும் மேலாடையும் போட்டு, தலையில் முடி சூடி, பேராலயம் வரை குதிரையில் போகும் வழியெல்லாம் பொன்னும் வெள்ளியும் இறைத்தார். இது கிரெகோரி பின்னாளில் ஆயராக இருந்த ஊரில் நடந்தது. ஊர்வலம் நடந்ததை மறுக்கக் காரணமில்லை.

சிக்கல் பதவியில்தான். ஆண்டுக்கு இருவர் பெயர் ஏறும் கான்சல் பட்டியலில் குளோவிஸ் இல்லை. எனவே கௌரவக் கான்சல் என்பதே பொருத்தம். அகஸ்டஸ் என்பது பேரரசருக்கு மட்டும் உரிய பட்டம். அதைக் கான்ஸ்டான்டினோபிள் தூக்கிக் கொடுத்திருக்காது. கூட்டம் ஆரவாரமாகக் கூவியதைக் கிரெகோரி அப்படிப் பதிந்திருக்கலாம். அங்கிருந்து பாரிஸுக்குப் போய் அதைத் தன் ஆட்சியின் இருக்கை ஆக்கினார்.

சாலிக் சட்டம் அவர் எழுதியதா? பெண்கள் அரசாளக் கூடாதுன்னு அதுல இருக்கா?

சாலிக் சட்டம் பிராங்குகளின் சட்டத் தொகுப்பு. அதில் அவர் பெயர் இல்லை. 65 தலைப்புகள் கொண்ட பழைய வடிவம் அவருடைய கடைசி ஆண்டுகளில், 507க்கும் 511க்கும் நடுவே எழுத்தில் வந்தது என்பது பெரும்பாலோர் முடிவு. பெரும்பகுதி இழப்பீட்டு விலைப்பட்டியல். 40 தெனார் காசு ஒரு சொலிடஸ் பொற்காசு என்று கணக்கு. சுதந்திரப் பிராங்கு ஒருவரைக் கொன்றால் 200 சொலிடஸ். அரசரின் மெய்க்காவல் வீரரைக் கொன்றால் 600, பிள்ளை பெறும் வயதுப் பெண்ணைக் கொன்றாலும் 600. நிலமுள்ள ரோமானியருக்கு 100. கட்டைவிரலை வெட்டினால் 50, அம்பு விடும் இரண்டாம் விரலுக்கு 35. ஒருவரை நரி என்று திட்டினால் 3. ரோமானியரின் உயிர் பாதி விலை என்பது மனதில் உறுத்தும், அது அந்தச் சமூகத்தின் படிநிலையை அப்படியே காட்டுகிறது.

அரியணை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 59ஆம் தலைப்பு குடும்பச் சொத்தைப் பற்றியது. மற்றச் சொத்து தாய்க்கும் சகோதரிக்கும் போகும், "சாலிக் நிலம்" மட்டும் பெண்ணுக்குப் போகாது. அதையும் பேரன் சில்பெரிக் ஒரு ஆணையால் தளர்த்தி, மகன் இல்லாவிட்டால் மகள் பெறலாம் என்றார். 1316லும் 1328லும் பிரான்ஸில் பெண்களை அரியணையிலிருந்து விலக்கியபோது இந்தச் சட்டத்தை யாரும் காட்டவில்லை. பிறகுதான் பழைய ஏட்டிலிருந்து எடுத்து அரியணைக்குப் பொருத்தினார்கள்.

சொந்தக்காரங்களையே கொன்னாரே. ஒரு ஆயர் எப்படி அவரைப் புகழ்ந்து எழுதினார்?

கிரெகோரி ஒளிக்காமல் வரிசையாகச் சொல்கிறார். கொலோன் அரசர் சிகிபெர்ட்டின் மகனிடம், "உன் அப்பா கிழவராகிவிட்டார், கால் வேறு நொண்டி" என்று சொல்லியனுப்ப, மகன் ஆளை ஏவி, மதியம் கூடாரத்தில் தூங்கிய தந்தையைக் கொல்கிறான். பிறகு தந்தையின் பொற்பெட்டியைக் குளோவிஸின் தூதர்களுக்குக் காட்டுகிறான். "அடிவரை கைவிட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். குனிந்தவன் தலையில் கோடரி விழுகிறது. முன்பு தள்ளி நின்ற சாராரிக்கையும் மகனையும் பிடித்து, கூந்தலை வெட்டி, குருக்களாக்கினார். "பச்சை மரத்தில் வெட்டிய கிளை, மறுபடி துளிர்க்கும்" என்று மகன் சொன்னது காதில் விழ, இருவர் தலையும் போயிற்று. கூந்தல்தான் அரச உரிமையின் அடையாளம் என்பதால் அந்தப் பேச்சு ராஜதுரோகம். உதவிக்கு வந்த ரக்னகாரின் ஆட்களுக்குப் பொன் முலாம் பூசிய செம்புக் காப்புகளை லஞ்சமாகக் கொடுத்து, அவரைக் கட்டிக் கொண்டுவரச் செய்து, தன் கையாலேயே வெட்டினார். பொன் போலி என்று அவர்கள் முறையிட்டபோது, எஜமானனைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு உயிர் மிஞ்சியதே போதும் என்று பதில் கிடைத்தது.

இதற்கு நடுவில், கடவுள் முன் நேரிய மனதோடு நடந்ததால் அவர் பகைவர்களைக் கடவுள் நாள்தோறும் வீழ்த்தினார் என்று எழுதுகிறார். நமக்கு அதிர்ச்சிதான். கிரெகோரி தன் காலத்து அரசர்கள் ஒருவரோடொருவர் போரிட்டு நாட்டைச் சிதைப்பதைப் பார்த்து நொந்தவர். முழுக்குப் பெற்று, ஆயர்களை மதித்து, ஒரே அரசை உண்டாக்கிய மூதாதையைப் பழைய ஏற்பாட்டு அரசர் போல அவர்கள் முன் நிறுத்துகிறார். அதற்காக நாமும் அந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை. கொலைகள் எல்லாம் கடைசி ஆண்டுகளில் ஒரே மூச்சில் நடந்தன என்பதும் அவர் அடுக்கிய வரிசை. சில முன்பே நடந்திருக்கலாம்.

511 ஓர்லேயான் சங்கத்துல என்ன முடிவு பண்ணாங்க?

ஜூலையில் 32 ஆயர்கள் கூடி 31 தீர்மானங்கள் போட்டார்கள். கேள்விகளை அனுப்பியவர் மன்னர், முடிவை உறுதிசெய்யும்படி ஆயர்கள் அவருக்கே எழுதினார்கள். கோயிலில் அடைக்கலம் புகுந்தவரை இழுத்து வரக் கூடாது. சாதாரணக் குடிமகன் குருவாக வேண்டுமானால் அரசர் ஆணையோ அதிகாரியின் ஒப்புதலோ வேண்டும். மன்னர் கொடுத்த நிலத்தின் வருமானம் கோயில் பழுதுபார்க்கவும், குருக்களுக்கும் ஏழைகளுக்கும், கைதிகளை மீட்கவும் போக வேண்டும். இங்கே இரண்டாவதாகச் சொன்ன தீர்மானத்தின் காரணம் நேரடியானது: குருவானால் படைக்கடமையும் வரியும் போய்விடும், அரசருக்கு ஆள் குறையும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நாட்டை ஏன் நாலாப் பிரிச்சார்?

அவரே பிரித்தார் என்பதற்குச் சான்று இல்லை. மகன்கள் பிரித்துக்கொண்டார்கள் என்றே கிரெகோரி எழுதுகிறார். தியூதெரிக் ரெய்ம்ஸிலும், குளோதோமர் ஓர்லேயானிலும், சில்டெபெர்ட் பாரிஸிலும், குளோதார் சுவாசோனிலும் அமர்ந்தார்கள். தியூதெரிக் முந்தைய துணைவிக்குப் பிறந்தவர், தந்தையோடு போர் கண்டவர், அவர் பங்குதான் பெரிது. தனக்கு மூத்தாள் மகன் முழுதையும் எடுத்துவிடாமல் தன் பிள்ளைகளுக்குப் பங்கு வாங்க குளோட்டில்டா நின்றிருக்கலாம் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நான்கு தலைநகரங்களும் பாரிஸைச் சுற்றி நெருக்கமாக இருந்ததைப் பாருங்கள். நான்கு அரசர்கள் இருந்தாலும் பிராங்கிய அரசு ஒன்றே என்ற எண்ணம் போகவில்லை. 558இல் குளோதார் தனியொருவராக மிஞ்சியபோது மறுபடி எல்லாம் ஒரே கையில் வந்தது.

பாரிஸ் போனா கல்லறையைப் பார்க்கலாமா?

உடல் இருக்கும் இடம் தெரியாது. அவரும் குளோட்டில்டாவும் கட்டிய அப்போஸ்தலர் கோயிலில் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் அது புனித ஜெனவீவ் மடமானது. கோயிலை 1807இல் இடித்துவிட்டார்கள். பாந்தியோன் பின்புறம் குளோவிஸ் தெரு என்று பெயர்ப்பலகை இருக்கும், அந்தத் தெரு போகும் இடத்தில்தான் கோயில் இருந்தது. பக்கத்தில் நான்காம் ஹென்றி பள்ளிக்குள் தெரியும் "குளோவிஸ் கோபுரம்" மத்தியகால மடத்தின் மணிக்கூண்டு, அவர் காலத்தது அல்ல. சான்-தெனி பேராலயத்தில் படுத்த நிலையில் இருக்கும் கற்சிலை பதின்மூன்றாம் நூற்றாண்டில் செதுக்கியது. அந்த முகத்தை அவர் முகம் என்று எண்ண வேண்டாம்.

கிரெகோரி சொல்ற ஆண்டுக் கணக்கை நம்பலாமா? அப்போ 511ங்கறதே எப்படித் தெரியும்?

தனியாக நம்ப முடியாது. சியாக்ரியஸ் 5ஆம் ஆண்டு, துரிஞ்சியர் போர் 10ஆம் ஆண்டு, அலமன்னிகள் 15ஆம் ஆண்டு என்று ஐந்து ஐந்தாக அடுக்குகிறார். நிகழ்வுகள் அப்படி ஒழுங்காக நடப்பதில்லை. இறப்புக்கும் அவர் தரும் கணக்குகள் மோதுகின்றன. புனித மார்ட்டின் இறந்து 112 ஆண்டு என்கிறார். மார்ட்டின் இறந்தது 397, ஆக 509 வரும். தூர் ஆயர் லிசினியுஸின் 11ஆம் ஆண்டு என்றும் சொல்கிறார். ஆனால் 506இல் அக்டு சங்கத்துக்குப் பிரதிநிதியை அனுப்பியவர் முந்தைய ஆயர் வேருஸ். எனவே 11ஆம் ஆண்டு 516க்கு முன் வர வாய்ப்பில்லை.

511ஐ உறுதியாக்குவது சங்கங்கள்தான். மேலே சொன்ன ஓர்லேயான் சங்கம் 511 ஜூலையில் உயிரோடிருக்கும் குளோவிஸுக்கே எழுதுகிறது. அதே நகரில் 549 அக்டோபர் 28 அன்று கூடிய இன்னொரு சங்கம், சில்டெபெர்ட் ஆட்சியின் 38ஆம் ஆண்டு என்று தேதியிடுகிறது. பின்னோக்கி எண்ணினால் அவர் அரியணை ஏறியது 511 அக்டோபர் இறுதிக்கும் 512 அக்டோபர் இறுதிக்கும் நடுவே. ஜெனவீவ் மடத்தில் குளோவிஸுக்கு ஆண்டுதோறும் நினைவுத் திருப்பலி நடந்த நாள் நவம்பர் 27. மூன்றையும் சேர்த்தால் 511 நவம்பர் 27. வூயே போருக்குப் பின் ஐந்தாம் ஆண்டு என்று கிரெகோரி இன்னொரு கணக்கும் தருகிறார். 507ஐயும் சேர்த்து எண்ணினால் அதுவும் 511இல்தான் வந்து நிற்கிறது.